நாலாவது கட்டத்தில் ஒரு பெண் குரல்

அத்தியாயம் 5

"இந்தப் பாட்டுல வர்ற பொம்பள யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க மேடம். வேற ஒண்ணும் வாணாம். அவ மூஞ்சிய ஒரே ஒரு தபா நான் பாக்கணும்."

ரேணுகா செல்போனை மேசை மேல் வைத்தாள். அழுது ஓய்ந்த முகம். குரலில் மட்டும் கோபம் ஓயவில்லை.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது சங்கரி துப்பறியும் நிலையம். நிலையம் என்று போர்டில்தான் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே மூன்று நாற்காலி, கழுத்து வலிக்காரன் மாதிரி ஒரே பக்கம் திரும்பும் ஒரு டேபிள் ஃபேன், அப்புறம் உதவியாளன் தீனதயாளன். சங்கரி மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து, மேலதிகாரி ஒருவரைக் கேட்கக்கூடாத கேள்வி கேட்டுவிட்டு வெளியே வந்தவள். தீனா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். ஊரார் கல்யாணங்களில் கடைசிப் பந்தி வரைக்கும் பசியோடு நின்று நின்று, சங்கீதத்தின் மேல் இருந்த ஆசையெல்லாம் ரசத்தோடு கரைந்து போய் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தான்.

போனில் பாட்டு ஓடியது. கனத்த கிடார், கட்டைக் குரல்.

*வெளக்கு ஏத்தி வச்சிகீறேன், வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போ*
*வெளக்கு ஏத்தி வச்சிகீறேன், வந்து மூஞ்சக் காட்டிட்டுப் போ*
*நீ போன வழியப் பாத்துப் பாத்து ரோடே தேஞ்சிப் போச்சி*

தீனாவுக்கு இந்தப் பாட்டு தெரியும். இந்த ரெண்டு மாதமாக ஷேர் ஆட்டோவிலிருந்து சலூன் வரைக்கும் இதுதான். ரோடு தேய்ந்ததற்கு எந்த காண்டிராக்டரும் சொல்லாத காரணம் இது என்று ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. ரேணுகாவின் கழுத்தில் தாலி இல்லாத இடத்தைப் பார்த்தான். விழுங்கிக்கொண்டான்.

"பாடுறவரு உங்க வீட்டுக்காரரு," என்றாள் சங்கரி.

"ஜோஷ்வா. ஆடி மாசம் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. அவரு போன பின்னாடி ஃபிரண்டுங்க பாட்ட வெளியில வுட்டாங்க. அதுக்கு முன்னாடி இப்பிடி ஒரு பாட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் எங்கிட்ட பாடிக் காட்டுவாரு மேடம். இத மட்டும் காட்டல."

"பாட்டுல வர்றது நீங்களா இருக்கலாம் இல்ல?"

"நான் எங்க போனேன்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர வுட்டு ஒரு ராத்திரி கூட வெளியில தங்கினதில்ல. நீ போன வழின்றாரே, போனவ யாரு?"

கேள்வியில் ஓட்டை இல்லை. டேபிள் ஃபேன் கூட ஒரு நொடி தயங்கித் திரும்பியது.

மீதியையும் ரேணுகா மூச்சு விடாமல் சொன்னாள். அவள் செய்யூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஜோஷ்வா வேறு சாதி, வேறு சாமி. அவள் அவனோடு கிளம்பிய அன்றைக்கு அப்பா முனிசாமி கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மகள் செத்துவிட்டாள் என்று ஊர் நடுவே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. மாப்பிள்ளை போட்டோவைக் கூடப் பார்க்கவில்லை. வீட்டு போன் நம்பரை மாற்றிவிட்டார்கள். ஐந்து வருஷமாக ஜோஷ்வாதான் அவளுக்கு அப்பா, அம்மா, எல்லாம். பகலில் செங்கல்பட்டில் ஒரு மருத்துவக் கருவிக் கடையில் மெக்கானிக். வாரக் கடைசியில் மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் கிடார்.

"அன்னிக்கு மகாபலிபுரத்துல ரிகர்சல்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஆனா வுழுந்து கெடந்தது கல்பாக்கத்துக்கும் தெக்கால. அந்தப் பக்கம் அவருக்கு இன்னா வேல? ஃபிரண்டுங்களக் கேட்டா, அன்னிக்கு ரிகர்சலே இல்லன்றாங்க. வாரா வாரம் ஒரு நாள் இப்பிடித்தான் போயிருக்காரு." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடிச்சி, பூ வச்சி, மெழுகுவத்தி ஏத்தணும். மாமியாரு காலையிலேர்ந்து போன் பண்ணிகினே கீறாங்க. யாருக்கோ வெளக்கு ஏத்தி வச்சிகினு இருந்த மனுசனுக்கு நான் போயி மெழுகுவத்தி ஏத்தணுமா? அவ யாருன்னு தெரியாம நான் அங்க போவ மாட்டேன். தெரிஞ்சா, அதுக்கப்புறம் போவவே மாட்டேன்னு நெனைக்கிறேன்."

சங்கரி கார் சாவியை எடுத்தாள். "கிளம்புங்க."

*

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை காரில் பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. பின் சீட்டில் ரேணுகா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் மூடியிருந்தது.

"தீனா, இந்தப் பாட்ட எனக்கு வெளக்கு. நான் சங்கீதத்துல பூஜ்யம்," என்றாள் சங்கரி.

"பூஜ்யமே தேவல மேடம். எங்க குழு பாடகரு மைனஸ்ல இருந்தாரு." தீனா தொடையில் தாளம் போட்டுக் காட்டினான். "இது ப்ளூஸ். ஒரு சரணத்துக்குப் பன்னெண்டு கட்டம், ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு. மூணு வரி, வரிக்கு நாலு கட்டம். மொத ரெண்டு கட்டத்துல பாடுறவன் பாடுவான். அடுத்த ரெண்டு கட்டத்துல அவன் வாய மூடிக்கணும், கிடார் பதில் சொல்லும். கேள்வி, பதில். கேள்வி, பதில். ரெண்டாவது வரி மொத வரியேதான். மூணாவது வரியிலதான் விஷயம் ஒடையும்."

"ஏன் மொத வரிய ரெண்டு தபா பாடணும்?"

"அது அப்பிடித்தான் மேடம். சாம்பாருக்கப்புறம் ரசம் ஏன்னு யாராவது கேக்கறாங்களா?"

"நான் கேப்பேன்," என்றாள் சங்கரி.

*

மாமல்லபுரத்தில் மீனவர் தெருவுக்குப் பின்னால், ஒரு மாடி அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, அதை ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தான் கலையரசன். ஜோஷ்வாவின் கூட்டாளி, பேஸ் கிடார்காரன். தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான். ரேணுகா மாடியேற மறுத்து, காரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது அவனுக்கு வசதியாகப் போனது மாதிரி தெரிந்தது.

"பொம்பளையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது மேடம். ரிகர்சல்ல எல்லாரும் சேந்து உக்காந்து போட்ட பாட்டு. ரேணுகா சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்குது."

"அப்பிடியா. ஒரு தபா வாசிச்சிக் காட்டுங்களேன். நேர்ல கேட்டதில்ல."

கலைஞனிடம் வாசித்துக் காட்டச் சொன்னால் மறுப்பானா. கலையரசன் கண்ணை மூடிக்கொண்டு பேஸை மீட்டி முணுமுணுத்துப் பாடினான். தீனா பழக்க தோஷத்தில் முழங்காலில் தட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது கட்டம். அவன் கை ஐந்தாவது கட்டத்துக்குப் போய்விட்டது. கலையரசனின் விரல் இன்னும் நாலிலேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டு தட்டு தாமதமாக வந்து சேர்ந்தான். இரண்டாவது வரியிலும் அதே இடத்தில் அதே நொண்டல்.

"மேடம், இவரு தடுக்கறாரு," என்று தீனா காதோரம் சொன்னான். "ரிலீஸ் ஆன பாட்டுல இந்த இடம் வழுவழுன்னு இருக்கு. இவரு கையில மட்டும் பள்ளம்."

சங்கரி கையை உயர்த்தினாள். வாசிப்பு நின்றது.

"தம்பி, பாட்டு ஒரு கணக்குல போவுது, உங்க கை வேற கணக்குல போவுது. ரிகர்சல்ல சேந்து போட்ட பாட்டுன்னா டிரம்மர் இருந்திருப்பாரு, தட்டு சுத்தமா இருந்திருக்கும். உங்க கை இத மொதல்ல வேற எங்கயோ கத்துக்கிச்சி. தனியா உக்காந்து, கணக்கே பாக்காம வாசிச்ச ஒருத்தர்கிட்ட. அந்த ரெக்கார்டிங் எங்க?"

கலையரசன் பேஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ரேணுகா கிட்ட சொல்ல மாட்டீங்கன்னா தரேன்."

"அத நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

"மச்சான் தங்கமான ஆளு மேடம்," என்றான் கலையரசன். "அவங்க ஊரு சர்ச்ல உபதேசியாரு ஒரு வரி எடுத்துக் குடுப்பாரு, ஜனம் திருப்பிப் பாடும். அதக் கேட்டு வளந்தவன். நான் மொத மொத ப்ளூஸ் போட்டுக் காட்டினப்போ, அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேலை செஞ்ச கறுப்பு ஜனங்க பாட்டுலேர்ந்து வந்துதுடான்னேன். ஒருத்தன் ஒரு வரி போடுவான், மத்தவங்க பதில் சொல்லுவாங்கன்னேன். 'இது எங்க சர்ச்சு மச்சான்'னு சொல்லிச் சிரிச்சான். இந்தப் பாட்டக் கொண்டாந்தப்போதான் சண்ட. நாலாவது கட்டத்துல நிப்பான். எம்மாம் நேரம் நிப்பான்னு அவனுக்கே தெரியாது. டிரம்மர் கட்டையத் தூக்கிப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. அந்த எடத்துல நீ கிடார் வாசிடான்னா, 'அது என் எடம் இல்ல மச்சான்'ம்பான். அவன் செத்த பின்னாடி நான்தான் எல்லாத்தையும் நேராக்கி, அங்க கிடார் போட்டு ரொப்பினேன்."

அவன் போனில் ஒரு பதிவை எடுத்து ஓடவிட்டான். ஜோஷ்வா தன் செல்போனிலேயே பிடித்து அனுப்பியது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஒற்றைக் கிடாரும் ஒரு குரலும். பின்னால் என்னவோ ஒரு சத்தம். புஸ்ஸ், டக். கொஞ்சம் விட்டு மறுபடி புஸ்ஸ், டக். முதல் வரி முடிந்தது. கிடார் நின்றது. அந்த இடைவெளியில், ரொம்ப மெல்ல, ஒரு பெண் குரல்.

"ம்... இன்னொரு தபா..."

தீனா கீழே காரில் இருக்கும் பெண்ணை நினைத்துக்கொண்டான்.

"இதுக்குத்தான் மறைச்சேன்," என்றான் கலையரசன். "அந்தக் குரல வெட்டிட்டேன். அது கேக்க வாணாம்னுதான்."

"பின்னாடி கேக்கறது கடலா?" என்றான் தீனா. "பீச் ஓரமா எதாவது ரூம்..."

"கடலு இப்பிடிக் கணக்கா மூச்சு வுடுமா?" சங்கரி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். "உன் தட்ட இதோட வச்சிப் பாரு. அவரு கை இடம் மாறுறது எங்க?"

தீனா எண்ணினான். ஒவ்வொரு டக் சத்தத்துக்கும் சரியாக ஜோஷ்வாவின் கை இடம் மாறியது. "அதான் மேடம் டிரம்மரு. இந்தச் சத்தத்துக்குத்தான் வாசிக்கறாரு."

"கொரோனா சமயத்துல எங்க தெருவுல வீட்டுக்கு வீடு இந்தச் சத்தம்தான் தீனா. இது ஆக்சிஜன் மெஷின். கட்டில்ல படுத்துகினு மூச்சு வாங்கற ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து அவரு வாசிச்சிகினு இருக்காரு."

ஜோஷ்வா வேலை செய்த கடையின் முதலாளி கோபாலகிருஷ்ணன் மூன்றாவது மணியில் போனை எடுத்தார். சங்கரி ஸ்பீக்கரில் போட்டாள். வாடகைக்குக் கொடுத்த மெஷினை எந்த வீட்டிலாவது ஜோஷ்வா மட்டுமே போய்ப் பார்த்தானா என்று கேட்டாள்.

"ஆமாம்மா. செய்யூர் பக்கம் ஒரு அம்மா, நுரையீரல் கெட்டுப் போயி படுத்துகினு கீறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தபா சர்வீஸ் பண்ணா போதும். இவன் வாரா வாரம் போவான். வேற பையன அனுப்பறேன்னா வுட மாட்டான். இப்பக்கூட அந்த வூட்டுப் பெரியவரு பழைய தம்பிய அனுப்புன்னு போன் பண்ணிகினே கீறாரு. சீக்காளி இருக்கிற வூட்டுல சாவு சேதி சொல்லக் கூடாதே, வேலைய வுட்டுட்டான்னு சொல்லி வச்சிகீறேன். வயசாயிடுச்சி அவருக்கு. பேரு கூட ஞாபகம் இல்ல, குமாரு குமாருன்றாரு."

சங்கரி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "பெரியவர் பேரு?" பதிலைக் கேட்டாள். அப்படியே நின்றாள். தீனா அவளோடு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த முகம் அப்படி உடைந்து பார்த்ததில்லை.

"ஊரெல்லாம் ஜோஷ்வான்னு சொன்ன ஆளு, ஒரே ஒரு வீட்டுல மட்டும் பேர மாத்திச் சொன்னாரு. ஏன் தீனா?"

"கடன் வாங்கியிருந்தா நான் அப்பிடித்தான் மேடம் செய்வேன்."

அவள் சிரிக்கவில்லை. பதிவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

*

கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனது. கல்பாக்கம் ஊழியர் பஸ்கள் எதிரே வரிசையாக வந்தன. அதையும் தாண்டி ஓர் இடத்தில் ரேணுகா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அங்கேதான் அவன் விழுந்து கிடந்தான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சவுக்குத் தோப்புகள் வந்தன. சங்கரி வலது பக்கம், செய்யூர் சாலைக்குத் திருப்பினாள்.

"இந்த ரோடு எதுக்கு மேடம்?" ரேணுகா நிமிர்ந்தாள். "அவ இங்கயா கீறா? எங்க ஊருப் பக்கத்துலயேவா?"

சங்கரி ஓரமாக நிறுத்தினாள். என்ஜினை அணைத்தாள்.

"ரேணுகா, பாட்டுல வர்ற 'நீ' யாருன்னு நீங்க தேடினீங்க. கலையரசனும் அதத்தான் நெனச்சிப் பயந்தாரு. நானும் பாதி வழி அதத்தான் தேடினேன். அதுல வர்ற 'நான்' யாருன்னு யாருமே கேக்கல. பாடுறவருதான் சொல்றவருன்னு எடுத்துக்கிட்டோம். ஒரு குரல் கேளுங்க."

புஸ்ஸ், டக். ஜோஷ்வாவின் குரல். நின்ற கிடார். அந்த மெல்லிய குரல் அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. "ம்... இன்னொரு தபா..." அதோடு மூச்சு இளைத்தது.

ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே ஒரே சொல் வந்தது. "அம்மா."

"பின்னாடி கேக்கறது உங்க அம்மாவோட ஆக்சிஜன் மெஷினு, அவங்களுக்கு நுரையீரல் சரியில்ல. வாடகைக்குக் கேட்டு வந்த விலாசத்தப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். வாரா வாரம் கல்பாக்கம் தாண்டி வந்தது இங்கதான். அப்பா மனசு எறங்குற வரைக்கும் உங்ககிட்ட சொல்ல வாணாம்னு இருந்திருப்பாரு. அந்த வரிங்க அவரு எழுதினதா எனக்குத் தோணல. உங்க அம்மா சொல்லியிருப்பாங்க. மூச்சு முட்டுறவங்களால ஒரே மூச்சுல பேச முடியாது. ஒரு வரி சொல்லுவாங்க, நிப்பாங்க, அதையே இன்னொரு தபா சொல்லுவாங்க, அப்புறந்தான் மிச்சம் வரும். அவங்க மூச்சு வாங்குற நேரத்துக்கு அவரு கிடாரை நிறுத்திக் காத்துகினு இருந்தாரு. கலையரசன் நேராக்கினது அந்த எடத்தத்தான்."

தீனா கணக்குப் போட்டுப் பார்த்தான். நாலாவது கட்டத்துப் பள்ளம், திரும்ப வரும் வரி, கடைசியில் உடையும் விஷயம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஒரு கேஸ் இப்படிப் பொருந்தினால் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்றைக்கு இல்லை.

"நீ போன வழின்னது என்னையா?" என்றாள் ரேணுகா. "ரெண்டு மாசமா நான் அவர வாய்க்கு வந்தபடி திட்டிகினு இருக்கேன் மேடம். அவரு சட்டையெல்லாம் எரிச்சிட்டேன்."

சங்கரி காரைக் கிளப்பினாள்.

*

வீட்டு முன்னால் வேர்க்கடலை மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார் முனிசாமி. ரேணுகாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சங்கரியும் தீனாவும் இறங்கினார்கள்.

"யாரு, மெஷின் கம்பெனியா? வாங்க வாங்க. புதுசா வர்ற பசங்க சரியில்லம்மா. பில்டரக் கழுவிட்டு ஓடிப் போறானுங்க. குமாரு தம்பி வந்தா அவ பக்கத்துல உக்காருவான். தோள்ல ஒரு பொட்டி வச்சிருப்பான், அத வாசிப்பான். அவளுக்கு மூச்சு சீரா வரும். எங்க வூட்டு லோட்டாலதான் காபி குடிப்பான், அவனே கழுவி வப்பான். வேலைய வுட்டுட்டானாமே. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

சங்கரி போனில் ஒரு போட்டோவை எடுத்து அவர் முன் நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இவன்தான். இவனேதான்."

"இவரு பேரு குமாரு இல்லைங்க ஐயா. ஜோஷ்வா. உங்க பொண்ணு ரேணுகாவோட வீட்டுக்காரரு."

தார்ப்பாயின் முனை அவர் கையிலிருந்து நழுவியது. காற்று அதைத் தூக்கி அடித்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு சாமி முன்னாடி சொன்னவன் நானு," என்றார் மெதுவாக. "வாரா வாரம் பாத்துகினு இருந்தேனா?" மூட்டை மேல் உட்கார்ந்தார். "அவளுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்."

"அதான். அதான் மாசக் கணக்கா எங்கிட்ட, ரேணுவக் கூப்புடு, ரேணுவக் கூப்புடுன்னு புடுங்கி எடுத்தா. ஆடி மாசம் ஒரு நாளு, வந்தா வந்துட்டுப் போவட்டும், நான் வாணாம்னு சொல்லல, அப்பிடின்னு சொல்லிட்டேன். அந்தத் தம்பி அப்ப இங்கதான் இருந்தான். கிளம்பிப் போறப்போ என் கையப் புடிச்சான். எதுக்குப் புடிக்கிறான்னு நெனச்சேன்." அவர் தலை நிமிர்ந்தது. "எங்க அவன்? வரச் சொல்லுங்க. கோவம் ஒண்ணுமில்ல. வரச் சொல்லுங்கம்மா."

சங்கரியால் அதை நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கிழவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் உள்ளே போய்விடுமோ என்று வேட்டியை வாயில் அடைத்துக்கொண்டார்.

கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காருக்கும் மூட்டைக்கும் நாலு எட்டு கூட இல்லை. ரேணுகா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவர் எழுந்து, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வாசலை விட்டு விலகி வழிவிட்டார். போ என்று கையை மட்டும் காட்டினார். அவள் உள்ளே போனாள். தீனா ஏன் பின்னாலேயே போனான் என்று அவனுக்கே தெரியாது.

இருட்டான அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் குழாயோடு ஒடுங்கிப் போய்ப் படுத்திருந்தாள் சம்பூர்ணம். மகளைப் பார்த்ததும் அந்தக் கண்களில் ஆச்சரியம் இல்லை. ரொம்ப நேரமாகக் காத்திருந்த பஸ் ஒரு வழியாக வந்ததைப் பார்க்கிற பார்வை. கையைத் தூக்கினாள். ரேணுகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் சரிந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்திக்கு அழவும் மூச்சு போதவில்லை.

அப்புறம் சம்பூர்ணம் தலையைத் திருப்பி, மகளுக்குப் பின்னால் பார்த்தாள். வாசல்படியில் தீனா நின்றான். அவள் கண் அவனைத் தாண்டிப் போய்த் தேடியது.

"மாப்ள எங்க?"

அந்த வீட்டில் ஜோஷ்வாவை யாரும் வாய்விட்டு மாப்ள என்று கூப்பிட்டிருக்க முடியாது. மெஷின் இரண்டு முறை மூச்சு விட்டது.

"உங்கப்பா சரின்ன ஒடனே... குதிச்சிகினு கிளம்பிச்சி." அவள் நிறுத்தினாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "ராவுக்குள்ள... ரேணுவக் கூட்டிகினு வரேன்னு... சொல்லிட்டுப் போச்சி."

ரேணுகா அம்மாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். உதடு பலமுறை அசைந்து, பிறகுதான் குரல் வந்தது.

"கூட்டிகினு வந்துட்டாரும்மா," என்றாள். "அவருதாம்மா என்னக் கூட்டிகினு வந்தாரு."

சம்பூர்ணம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை தாலி இல்லாத கழுத்துக்கு இறங்கியது. அவளுக்குப் புரிந்தது. தீனா வாசல்படியை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான்.